வசந்தத்தில் மரநிழல் தோட்டம்: எந்த வாரம் போவது, எதைப் பார்ப்பது?

வழிப்போக்கன் கேட்டது:
ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஒரே ஒரு நாள் கிடைக்கும். போகப்போவது ஓக், பீச் மரங்களுக்கு அடியில் வளர்த்த ஒரு பெரிய பொதுத் தோட்டம். மக்னோலியா, புளூபெல் (காட்டுத் தரையில் விரிப்பாகப் பூக்கும் நீல மணிப்பூ), அசேலியா, ரோடோடென்ட்ரான் பூப்புதர்கள் எல்லாம் அங்கே உண்டு. அத்தனையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? கூட வருபவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில், இன்னொருவருக்கு மகரந்த ஒவ்வாமை. படம் எடுப்பது போனில்தான்.

சருகுமண்:
அத்தனையும் ஒரே நாளில் அமையாது. மிதமான குளிர்நாடுகளில் பூக்கும் வரிசை பெரும்பாலும் மாறாது: முதலில் ஸ்னோடிராப், கமேலியா, பிறகு மக்னோலியா, வுட் அனிமோன் (தரையோடு வளரும் வெள்ளைக் காட்டுப்பூ), அடுத்து புளூபெல், அதை ஒட்டி அசேலியா, கடைசியில் பெரும்பாலான ரோடோடென்ட்ரான்கள். தேதிகள்தான் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று வாரம் கூட நகரும். நீங்கள் சொல்லும் நாட்களில் புளூபெல்லும் அசேலியாவும் சேர்ந்து கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் உள்ள இசபெல்லா பிளாண்டேஷனில் அசேலியா உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான். மக்னோலியாவை நம்பிப் போகாதீர்கள். ஒரே இரவு உறைபனி விழுந்தாலும் விரிந்த இதழெல்லாம் பழுப்பாகிவிடும்.

மற்றவர்கள் போட்ட படங்களில் 'இப்போது உச்சம்' என்று இருப்பதை விட, படத்தைப் பெரிதாக்கிப் பூவைப் பாருங்கள். புளூபெல் தண்டில் பூக்கள் அடியிலிருந்து நுனிக்கு விரியும். அடியில் இரண்டு மூன்று மணிகள் திறந்து, நுனி இன்னும் மொட்டாக இருந்தால் நேரம் இருக்கிறது. நுனி விரிந்து அடிப்பூ வெளிறிச் சுருங்கியிருந்தால் தாமதம். அசேலியாவுக்குச் செடியின் கீழே தரையைப் பாருங்கள். உதிர்ந்த பூக்கள் விரிப்பாகக் கிடந்தால் உச்சம் தாண்டிவிட்டது.

தாமதமாகிவிட்டதென்றாலும் வழி உண்டு. வடக்கு பார்த்த சரிவும் உயரமான பகுதியும் பின்தங்கிப் பூக்கும் (நான் சொல்வது வடகோளத்துக்கு). ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்துக்கு நான்கு நாள் என்பது பழைய கணக்கு. தோட்ட வரைபடத்தில் அந்தப் பக்கத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இலைவெளி:
நேரத்தைப் பற்றி ஒன்று. எல்லாரும் 'விடிந்ததும் போ' என்பார்கள். கூட்டத்துக்கும் புளூபெல் வெளிச்சத்துக்கும் அது சரி. வுட் அனிமோனுக்கு மட்டும் தப்பு. இரவிலும் மேகமூட்டத்திலும் அது கூம்பித் தலைகவிழ்ந்து நிற்கும்; வெயில் பட்ட பிறகே விரியும். ஆகவே காலையில் புளூபெல், வெயில் ஏறிய பிறகு அனிமோன் என்று சுற்றுங்கள்.

போனில் புளூபெல் ஊதாவாகவோ சாம்பல் கலந்த நீலமாகவோ விழும். தானியங்கி வெண்சமநிலையை (white balance, வெளிச்சத்துக்கேற்ப போன் தானே நிறத்தைத் திருத்துவது) நிறுத்தி, 5,000 முதல் 5,500 கெல்வினுக்குள் வைத்துப் பூட்டுங்கள். வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) அளவுக்குக் குறைத்தால் இதழின் நிறம் வெளுக்காது. நடுப்பகலில் மரக்கிளைகளின் ஊடாக விழும் வெயில் திட்டுத்திட்டாக வெள்ளை காட்டும். மெல்லிய மேகம் இருந்தால் அதுவே நல்லது. பாதையிலேயே குந்தி, முழங்கால் உயரத்திலிருந்து 2x அல்லது 3x டெலி லென்ஸில் எடுங்கள். தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, இடைவெளி தெரியாத விரிப்பாகத் தெரியும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நடுவே மண்ணும் சருகும்தான் வரும்.

வழிப்போக்கன்:
நன்றி. பூக்களுக்கு நடுவே ஏற்கெனவே யாரோ நடந்த ஒரு தடம் படங்களில் தெரிகிறது. அதில் நின்று எடுத்தால் என்ன?

சருகுமண்:
தயவுசெய்து வேண்டாம். மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் கிடைக்கும் சில வார வெயிலில்தான் புளூபெல் அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துக் கிழங்கில் வைக்கிறது. இலை நசுங்கினால் அந்தச் சேமிப்பு நின்றுவிடும். பூவைப் பறிப்பதை விட இலையை மிதிப்பது பெரிய சேதம். மண்ணும் இறுகிப்போகும். அதே இடத்தில் விதை விழுந்து முளைத்தாலும் பூக்கும் செடியாக நான்கைந்து ஆண்டாவது ஆகும். அந்தத் தடம் உருவானதே 'ஏற்கெனவே இருக்கிறதே' என்று ஒருவர் பின் ஒருவர் இறங்கியதால்தான். புளூபெல்லுக்குப் பெயர்போன பெல்ஜியத்தின் ஹாலர்போஸ் காட்டிலும் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

மெதுநடை:
சக்கர நாற்காலிக்கு: 'பாதை உண்டு' என்ற பதில் போதாது. தோட்டத்துக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள். பாதையில் போட்டிருப்பது கெட்டித்த சரளையா, மரப்பட்டைத் துண்டுகளா? சரிவு எவ்வளவு? நடுவே படியோ குறுகலான கதவோ உண்டா? 1:20 சரிவு (20 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஏற்றம்) தள்ளுபவருக்குச் சிரமமிருக்காது. 1:12 என்றால் சிறு தூரத்துக்கு மேல் கடினம். மரப்பட்டைத் துண்டுகள்தான் பெரிய தொல்லை. முன்சக்கரம் சிறியது என்பதால் புதைந்து, நாற்காலி திடீரென்று நிற்கும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வர பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். மழை பெய்த மறுநாள் வேர் மேடுகள் வழுக்கும்.

ஒவ்வாமைக்கு அசேலியா, ரோடோடென்ட்ரான் அநேகமாகக் காரணமல்ல. அவற்றின் மகரந்தம் ஒட்டும் தன்மையது, பூச்சிகள் சுமப்பது. அதே வாரத்தில் தலைக்கு மேலே காற்றில் மகரந்தம் விடும் பிர்ச், ஓக் மரங்கள்தான் தும்மல் தருபவை. வறண்ட காற்று வீசும் நாளைத் தவிர்த்து, மழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால், கண் அரிக்கத் தொடங்கிய பிறகு தேடாமல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இலைவெளி:
குழந்தைகளோ நாயோ வந்தால்: ரோடோடென்ட்ரானின் இலை, பூ, தேன் எல்லாமே நச்சு. புளூபெல்லும் அப்படித்தான். எதையும் வாயில் வைக்க விடாதீர்கள்.

சருகுமண்:
காலணி விஷயம் விடுபட்டுவிட்டது. உள்ளே போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் அடிப்பாகத்துச் சேற்றைத் தூரிகையால் சுரண்டி எடுங்கள். ஃபைட்டோப்தோரா ராமோரம் என்ற நோய்க்கிருமி சேற்றோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ரோடோடென்ட்ரானில் தங்கி, அங்கிருந்து மரங்களுக்குப் பரவும்.

உண்ணி உள்ள பகுதியானால் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதோரம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதோ சூடு வைப்பதோ கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.