வத்த வெள்ளத்தில் ஃபிளை மேலேயே இழுபடுது, கொடுவா தட்டிட்டுப் போகுது – எதை மாத்தணும்?

கொல்லங்கோடு:
ஃபிளை (மயிர், இறகு கட்டின பொய் இரை) போட்டு மீன் பிடிக்கிறேன். இடம் பூவாறு பொழிக்கு (ஆறு கடல்ல சேருற மணல் வாய்க்கு) உள்ளே, நெய்யாறு வளையுற பக்கம். ராடு 9 அடி, 8 வெயிட் (ராடு, லைனோட கன எண்). மிதக்கிற லைன், 9 அடி லீடர் (லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவுல வர்ற நரம்பு), நுனி 16 பவுண்டு. வெள்ளையும் பச்சையுமா கிளவுசர் (தலையில கனமான கண்ணு வச்ச ஃபிளை), 1/0 முள்ளு. கழி விட்டுப் பாத்ததில் ஆழம் 5 அடி. வெள்ளம் வத்தும்போது, அதாவது கடல் இறக்கத்துல, எதிர்க்கரைக்கு நேரா எறிஞ்சா, லைன் வில்லு மாதிரி வளைஞ்சு ஃபிளை மேல்மட்டத்திலேயே விறுவிறுன்னு போகுது. அப்பப்போ ‘டக்’னு ஒரு தட்டு; ராடைத் தூக்கினா காலி. மத்தியானம் ஆச்சுன்னா லைன் ராடு வளையத்தில் ஒட்டிக்கிட்டு நீளவும் மாட்டேங்குது. வேற ஃபிளை கட்டணுமா அண்ணே?

தேங்காய்ப்பட்டணம்:
ஃபிளை சரியாத்தான் இருக்கு, லைன்தான் அதை மேல தூக்குது. முதல்ல ஒரு கதம்பை (தேங்காய் உரிமட்டை) துண்டைத் தண்ணியில போட்டு, 20 அடி போக எத்தனை வினாடின்னு எண்ணுங்க. 20 வினாடி ஆச்சுன்னா ஓட்டம் வினாடிக்கு ஒரு அடி. இனி கணக்கு சுலபம். இன்டர்மீடியட் லைன் வினாடிக்கு 2 அங்குலம்தான் தாழும். 5 அடி இறங்க 30 வினாடி, அதுக்குள்ள ஃபிளை ஓட்டத்தோட 30 அடி கீழ்ப்பக்கம் போயிடும். வினாடிக்கு 6 அங்குலம் தாழுற சிங்க் டிப் (நுனிப்பாகம் மட்டும் தாழுற லைன்) ஆனா 10 வினாடி போதும்.

எறியறதும் நேரா வேண்டாம். ஓட்டத்துக்கு மேல்பக்கமா, சரிச்சு எறியுங்க. மீன் நிக்கிற இடத்துக்கு 10, 15 அடி மேல்பக்கமாவே ஃபிளை விழணும். விழுந்த உடனே லைனோட வயித்தை (நடுவுல வளையுற பாகத்தை) மேல்பக்கம் தூக்கிப் போட்டு, ராடு நுனியை லைன் போற திசையிலேயே கொண்டு வாங்க. 10 எண்ணி இழுக்கும்போது ஃபிளை சேறைத் தொட்டா, அடுத்த எறிக்கு 8 போதும். கிளவுசர் முள்ளு மேல பாத்து வர்றதால முரிங்கையில (சிப்பியில) அவ்வளவா மாட்டாது.

களியக்காவிளை:
அண்ணன் சொன்னது பாதிதான். தட்டு கிடைக்குதுன்னா ஃபிளை மீன்கிட்ட போயிருக்கு, தப்பு கையில. கொடுவா கடிச்சு இழுக்காது. வாயைத் திறந்து தண்ணியோட உறிஞ்சும், பிடிக்கலைன்னா அடுத்த நொடியே துப்பிடும். அந்த நேரம் ராடைத் தூக்கினா ராடுதான் வளையும், முள்ளு ஏறாது. ராடு நுனியைத் தண்ணிக்குள்ள ஒரு சாண் அமுக்கி வைங்க. நுனிக்கும் தண்ணிக்கும் நடுவுல லைன் தொங்கினா அதுவும் தளர்ச்சிதான். தட்டினதும் இடது கையால ஒரே நீள இழுப்பு. கனம் தெரிஞ்சப்புறம் ராடைத் தூக்கலாம்.

முள்ளை நகத்து மேல லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கினா அரம் போடணும். 16 பவுண்டு நுனியை நேரா முள்ளுல கட்டாதீங்க. கொடுவாவுக்கு வெட்டுற பல் கிடையாது, ஆனா வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடியோட விளிம்பு பிளேடு. 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு 45 செ.மீ. சேர்த்து, இறுகாத லூப் முடிச்சுல ஃபிளையைக் கட்டுங்க.

லைன் ஒட்டுதுன்னா அது குளிர் நாட்டுத் தண்ணிக்கு செஞ்சதா இருக்கும். நம்ம வெயில்ல மேல்பூச்சு இளகிடும். நல்ல தண்ணியில கழுவினா கொஞ்சம் தாங்கும், ஆனா ட்ராபிகல் லைன் வாங்குறதுதான் வழி. தேங்காயெண்ணெய் மட்டும் தடவிடாதீங்க, மணல் அப்பிக்கும்.

கொல்லங்கோடு:
புது லைன் இப்போதைக்கு முடியாது. இன்னொண்ணு, அட்டவணையில கடல் ஏத்தம் தொடங்கின பிறகும் உள்ள தண்ணி வத்திக்கிட்டே இருக்கு. பொழியில பாதி மண்ணு.

தேங்காய்ப்பட்டணம்:
இருக்கிற லைன் நுனி லூப்ல 10 அடி சிங்கிங் லீடர் மாட்டுங்க, வேகமா தாழுற வகை. அதுக்கு அப்புறம் நுனி நரம்பு, 40 பவுண்டும் சேர்த்து, மொத்தம் 4 அடிக்கு மேல வேண்டாம். நீளம் கூடினா லீடர் அடியில கிடக்க ஃபிளை மட்டும் மிதந்து வரும். கனமா இருக்கும், பலதடவை சுழட்டாம பின்வீச்சு முழுசா நீள விட்டு ஒரே தள்ளு.

நேரம்: அட்டவணை கடலுக்குத்தான். வாய் குறுகினா உள்ள இருக்கிற தண்ணி வெளியேற நேரம் பிடிக்கும், அதான் பிந்துது. கரையில ஒரு குச்சி நட்டு, கால் மணிக்கு ஒருதடவை கோடு போடுங்க. எத்தனை நிமிஷம் பிந்துதுன்னு தெரிஞ்சா, மறுநாளுக்கு இன்னைக்கு வத்தம் நின்ன நேரத்தோட சுமார் 50 நிமிஷம் கூட்டிக்கலாம். மண்ணு இன்னும் ஏறினா குச்சிக்கணக்கும் மாறும், திரும்ப எடுக்கணும். முழுசா மூடிட்டா ஏத்தமும் இல்ல வத்தமும் இல்ல. பொழி வாயில மட்டும் இறங்கி நிக்காதீங்க. வத்தத்துல காலடி மணல் அரிச்சுக்கிட்டே போகும்.