‘வாடிவாசல்’ படித்த பையனுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம்?

வணக்கமுங்க. நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். பாடப் புத்தகம் தவிர எதையும் தொடாதவன், சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டான். ஜல்லிக்கட்டைப் பற்றி 1959இல் வந்த சின்ன நாவல். மதுரைப் பக்கத்துப் பேச்சு முதலில் கொஞ்சம் இடறியது, அப்புறம் பழகிவிட்டது.

முடிவுதான் அவனை விடவே மாட்டேன் என்கிறது. தன் அப்பனைக் குத்திய, ஜமீன்தாரின் காரிக் காளையைக் கதாநாயகன் பிச்சி அடக்கிவிடுகிறான். ஜமீன்தாரோ அந்தக் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார். “அவரு கவுரவம் போச்சுன்னா மாடு எதுக்குங்க சித்தி சாகோணும்?” என்று பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே கேட்டான். பிச்சி ஜெயித்தானா இல்லையா என்பதிலும் அவனுக்கு இன்னும் தெளிவில்லை. பதினான்கு வயதில் இப்படி யோசிக்கிறானே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஆர்வம் அணைந்துவிடக் கூடாது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். விளையாட்டைக் களமாக வைத்து மானம், சாதி, பயம், அதிகாரம் என்று உள்ளே போகிற நாவலோ சிறுகதையோ தெரிந்தால் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பானாலும் சரி. கபடி, ஓட்டம், ரேக்ளா எதுவாகவும் இருக்கலாம். கோப்பை வாங்கியதோடு முடிகிற கதை மட்டும் வேண்டாம்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிப் போகிறேன். பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டால் தேடி வாங்க வசதியாக இருக்குமுங்க.