கொரோனாக் காலத்தில் முன்பள்ளியை மரநிழலில் நடத்துவது: என்னென்ன பார்க்க வேணும்?

கோண்டாவில் ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் முன்பள்ளியில் 24 பிள்ளைகள், மூன்று வயது முதல் ஐந்து வரை. ஆசிரியைகள் இரண்டு பேர். மண்டபம் 20க்கு 15 அடிதான், யன்னலும் ஒரு பக்கம் மட்டும். வளவு பெரிது: ஒரு மாமரம், இரண்டு வேம்பு, கிணறு. வெளியிலேயே நடத்தச் சொல்லிப் பெற்றோரும் கேட்கினம். பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது, கை கழுவ என்ன ஒழுங்கு, மழைக்கு என்ன செய்வது? மாமரத்தைச் சுற்றித் தறப்பாள் கட்டி வகுப்பறை மாதிரி மறைக்கலாமா? குளோரின் எவ்வளவு கலக்கிறது?

தடுக்குப்பாய்:
ரீச்சர், தறப்பாளால் சுற்றி மறைக்க வேண்டாம். வெளியில் ஆபத்து குறைவதற்குக் காரணமே, மூச்சோடு வரும் துளிகளையும் நுண்துகள்களையும் காற்று கலைத்துக்கொண்டு போவதுதான். நாலு பக்கமும் மறைத்தால் அது மண்டபத்தை விட மோசம், வெக்கையும் கூட. கூரை தேவையென்றால் கிடுகு போடுங்கோ, எட்டடி உயரம், நாலு பக்கமும் திறந்தபடி. சாய்ந்த வெயில் அடித்தால் அந்த ஒரு பக்கம் மட்டும் பாயைத் தொங்கவிடலாம். அப்போதும் நிலத்திலிருந்து மூன்றடிக்கு மறைக்காதீங்கோ. பிள்ளைகள் இருந்து மூச்சு விடும் உயரம் அதுதான்.

பிரிப்பதுதான் முக்கியம். 12 பேர், 12 பேராக இரண்டு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆசிரியை, ஒரே மரம், ஒரே விளையாட்டுப் பெட்டி. கிழமைக்குக் கிழமை மாற்றக் கூடாது. சகோதரங்களையும் ஒரே வான் வண்டியில் வருபவர்களையும் ஒரே குழுவில் போடுங்கோ, இல்லாவிட்டால் இரண்டு குழுவும் வானுக்குள்ளேயே கலந்துவிடும். ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்தால் மற்றக் குழுவையும் நிறுத்த வேண்டி வராமல் இருப்பதற்குத்தான் இவ்வளவும்.

மூன்று வயதுப் பிள்ளையைத் தள்ளி நில் என்றால் நிற்காது. இருக்கிற இடத்தை நாங்கள்தான் ஒழுங்குபண்ண வேணும். பிள்ளைக்கு ஒரு பனையோலைத் தடுக்கு, அதில் பெயருக்குப் பதிலாக ஒரு படம். வட்டமாகப் போடும்போது ஒரு தடுக்கின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒரு மீற்றர் விட்டால் 12 பேருக்கு ஏறத்தாழ 13 அடி விட்டம் வேணும். இரண்டு வட்டத்துக்கும் இடையில் 20 அடியாவது விடுங்கோ. தடுக்கைக் குளோரினில் நனைக்க வேண்டாம், ஓலை உக்கிப்போகும். வகுப்பு முடிய வெயிலில் விரித்துவிட்டால் காணும்.

உண்மையில் பெரியவர்களைத்தான் கூடப் பார்க்க வேணும். படலையடியில் அம்மாமார் கூடிக் கதைக்கிற பத்து நிமிசம், ஆசிரியைகள் இருவரும் மண்டபத்துக்குள் முகக்கவசத்தைக் கழற்றித் தேத்தண்ணி குடிக்கிற நேரம், இந்த இரண்டையும் முதலில் நிறுத்துங்கோ. குழுக்களுக்கு வருகிற நேரத்தைப் பதினைந்து நிமிசம் தள்ளி வையுங்கோ.

கிணற்றடி:
கை கழுவும் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு 20 விநாடி தேய்க்க, பிறகு அலச என்று 40 விநாடி போகும். ஒரு பைப் என்றால் 24 பேருக்கும் 16 நிமிசம், அதுவும் வரிசையில் நெருக்குப்பட்டுக்கொண்டு. மூன்று பைப் என்றால் ஐந்தாறு நிமிசத்தில் முடியும். 100 லீற்றர் மூடியுள்ள பீப்பாயைக் கல்லடுக்கி உயர்த்தி, பிவிசி குழாயில் மூன்று பைப்பை நிலத்திலிருந்து ஒன்றரை அடியில் பொருத்துங்கோ. வந்தவுடன், சாப்பிட முன், மலசலகூடம் போய்வந்து, வீட்டுக்குப் போக முன் என்று நாலு தரம், தரத்துக்கு அரை லீற்றர் வைத்தால் நாளுக்கு 48 லீற்றர். பைப்பை முழுதாகத் திறந்தால் இரட்டிப்பாகும்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் நல்லா நுரைக்காது. நுரை வராவிட்டால் பிள்ளை தேய்க்கிறதை விட்டுவிடும். அதனால் நுரையைப் பார்க்க விடாமல் ஒரு பாட்டு முடியும்வரை தேய்க்கப் பழக்குங்கோ. சவர்க்காரத்தை வெங்காய வலைப்பைக்குள் போட்டுப் பைப்பில் கட்டிவிட்டால் நிலத்தில் விழாது, வலையே தேய்த்தும் விடும்.

குளோரின் 0.1 வீதம் போதும். 5 வீதக் கரைசல் போத்தல் என்றால் 20 மில்லிலீற்றருக்கு 980 மில்லிலீற்றர் தண்ணி. 30 வீதத் தூள் என்றால் 10 லீற்றருக்கு ஏறத்தாழ 33 கிராம். அடைய விட்டுத் தெளிந்ததை மட்டும் எடுங்கோ. பொருட்களை முதலில் சவர்க்காரத் தண்ணியால் துடைத்து அழுக்கை எடுத்துவிட்டுப் பிறகு பூசி 10 நிமிசம் விட வேணும். அழுக்கின் மேல் பூசினால் குளோரின் அழுக்கோடேயே செலவாகிவிடும். அன்றன்று கலக்குங்கோ, வெயிலில் வைத்தால் வலு குறையும். பிள்ளைகள் மேல் மட்டும் தெளிக்கவே கூடாது. கண்ணையும் மூச்சையும் எரிக்கும், தொற்றையும் தடுக்காது.

சுண்டிக்குளிப் பக்கம்:
இரண்டு பேரும் நுளம்பை விட்டுவிட்டீர்கள். பிள்ளைகளைக் காலையில் வளவில் இருத்துகிறோம், டெங்கு நுளம்பு கூடக் கடிக்கிறதும் காலையிலும் பின்னேரத்திலும்தான். கை கழுவுகிற தண்ணியைத் தேங்க விடாமல் வாழையடிக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கோ. விளையாட்டு ரயர்கள் இருந்தால் அடியில் நாலு ஓட்டை போடுங்கோ. பீப்பாய்க்கு மூடி, சிரட்டை இளநீர்க் கோம்பை கிழமைக்கு ஒருக்கால் பொறுக்கல். முட்டை நுளம்பாக ஏழு பத்து நாள் போதும்.

மரங்களையும் பார்க்க வேணும். மாமரத்தில் முசுறு (கடிக்கிற சிவப்பெறும்பு) கூடு இருந்தால் வட்டத்தை வேம்படிக்கு மாற்றுங்கோ. தென்னைக்கும் பனைக்கும் கீழே ஒருபோதும் இருத்தாதீங்கோ. மழை தொடங்க முருங்கையில் மயிர்க்கொட்டி வரும், அந்தப் பக்கம் கயிறு கட்டி மறியுங்கோ. புடையன் பாம்பு சருகுக்குள் கிடக்கும், காலையில் பிள்ளைகள் வர முன் கூட்டிவிடுங்கோ.

காய்ச்சல் பார்க்கிறபோது ஒன்று. வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளையின் நெற்றியில் உடனே கருவியைப் பிடித்தால் கூடக் காட்டும். நிழலில் பத்து நிமிசம் இருத்தி, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பாருங்கோ. இருமல், தடிமன், காய்ச்சல் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கோ.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு குழு விறாந்தையில், மற்றது அன்றைக்கு வீட்டில். அடுத்த மழைநாளில் மாற்றி. 24 பேரையும் மண்டபத்துக்குள் ஏற்றினால் இவ்வளவு நாள் பிரித்து வைத்தது வீண்.

கோண்டாவில் ரீச்சர்:
நன்றி. இன்னொன்று: சின்னப் பிள்ளைகளுக்கு முகக்கவசம் போட வேணுமா? அழுதால் தூக்கலாமா?

தடுக்குப்பாய்:
ஐந்து வயதுக்கும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆவணியில் சொல்லியிருக்கினம். ஆசிரியைகள் போட வேணும். கதை சொல்லும்போது வாயசைவு தெரிய வேண்டுமென்றால் வட்டத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நின்று கழற்றலாம். அழுகிற பிள்ளையைக் கட்டாயம் தூக்குங்கோ, பிள்ளையின் முகம் உங்கள் தோளுக்கு வெளியே பார்க்கிற மாதிரி. தோளில் ஒரு துவாய் போட்டு, தூக்கிய பிறகு அதை மாற்றிக் கையைக் கழுவுங்கோ. ஆளுக்கு நாலு துவாய் வைத்திருந்தால் ஒரு நாளைக்குக் காணும்.