பழைய விண்டோஸில் ஓடும் ஸ்கேன் மெஷினைப் பாதுகாக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நடுத்தர மருத்துவமனை ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சி.டி. ஸ்கேன் கணினி இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள் மெஷின் கம்பெனிக்காரர்கள். பில்லிங், லேப், மருந்தகம் எல்லாம் அதே நெட்வொர்க்கில்தான். சர்வீஸ் இன்ஜினியர் ரிமோட்டில் நுழைவதும் அதே வழிதான்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரேன்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) முடங்கி, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடமே திணறியது. எங்களிடம் இருப்பது இரண்டே பேர். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பேக்கப் தினமும் எடுக்கிறோம். ஆனால் அந்தப் பெட்டியும் எப்போதும் நெட்வொர்க்கிலேயே இருப்பதால், சர்வரைப் பூட்டுகிறவன் அதையும் பூட்டிவிடுவான். கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க் வாங்க அனுமதி கிடைத்துவிட்டது.

ஸ்கேன் மெஷினைத் தனி வி-லேனில் (நெட்வொர்க்குக்குள்ளேயே பிரித்து வைக்கும் தனிப் பகுதி) போட்டு, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பாக்ஸ் (PACS) சர்வருக்குப் போகும் டைகாம் (DICOM, மருத்துவப் படங்களை அனுப்பும் முறை) போர்ட்டை மட்டும் ஃபயர்வாலில் திறந்தால் போதுமா? வான்னாக்ரை ரேன்சம்வேர் புகுந்த அந்தப் பழைய எஸ்.எம்.பி. 1-ஐ (விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறை) அடைத்தால் படங்கள் போவது நின்றுவிடுமா? அப்புறம், சர்வீஸ்காரருக்குத் தேவையானபோது மட்டும் ரிமோட் வழியைத் திறந்துவிடுவதை எப்படிச் செய்கிறீர்கள்? மருத்துவமனையில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.