ஆபீஸ் இங்கிலீஷ்: "முடியாது" என்பதை மெயிலில் எப்படி எழுதுவது?

விளக்குக்கணக்கு:
நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையில் ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பள்ளி முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் கும்பகோணத்தில் பி.காம். இப்போது வெளிநாட்டு ஆர்டருக்கு மெயில் போடுவதும் என் தலையில். வருவதைப் படித்துப் புரிந்துகொள்வேன், பதில் எழுதத்தான் ஒரு மணி நேரம்.

ஐப்பசி அடைமழையில் வண்டல் மண் காயவே இல்லை. அச்சு கட்ட முடியாமல் வார்ப்பு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மெல்போர்ன் கடைக்காரர், மூன்றடி அன்ன விளக்கு நாற்பதை நவம்பர் 20க்குள் கப்பலேற்ற முடியுமா என்று கேட்டார். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. 'வீ வில் ட்ரை அவர் பெஸ்ட் சார்' என்று போட்டேன். நம்மூரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கன்டெய்னர் புக் பண்ணிவிட்டார். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? விசாரித்தேன், டென்ஸிலிருந்து ஆரம்பிப்பார்களாம். அதைத்தான் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் பண்ணியாச்சே.

மன்னை_ரைஸ்மில்:
தங்கச்சி, உங்கள் வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. அதில் தேதி இல்லாததுதான் வினை. முதல் வரியில் எது முடியாது, அடுத்த வரியில் எது முடியும்: 'அன்ஃபார்ச்சுனேட்லி, நவம்பர் 20 இஸ் நாட் பாசிபிள். வீ கேன் ஷிப் 25 லேம்ப்ஸ் ஆன் நவம்பர் 28.' நமக்குக் கறாராகத் தெரியும், அவர்களுக்கு அதுதான் மரியாதை.

'டூ த நீட்ஃபுல்' வேண்டாம். 'ரிவர்ட்' என்றால் அங்கே பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது, 'ரிப்ளை' என்றே போடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 நமக்கு ஜூன் 5, அமெரிக்காக்காரருக்கு மே 6. இதில் நான் ஒரு லோடு அரிசிக்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

குடந்தை_டீச்சர்:
போனில் புரியாவிட்டால் 'யெஸ், யெஸ்' மட்டும் வேண்டாம்மா. 'குட் யூ புட் தட் இன் அ மெயில்?' என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வகுப்புக் காசை மிச்சம் பிடியுங்கள். வந்த மெயில்களில் உங்கள் தொழில் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

விளக்குக்கணக்கு:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் வார்த்தை 'த்ரெட்'. போன வருஷம் ஒருவர் 'த த்ரெட் இஸ் லூஸ்' என்று எழுதியிருந்தார். விளக்கின் தண்டும் பாதமும் மரை போட்டுத்தானே மாட்டுகிறோம், அந்த மரை தேய்ந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டு, நல்ல பஞ்சுத் திரியாகப் பார்த்து அரைக் கிலோ கூரியரில் அனுப்பினேன்.