24ஆம் வரிசையில் ஜடை மாறிவிட்டது, இப்போது 88இல் நிற்கிறேன்

வடக்குமாசி வீதிக்காரி:
குன்னூரில் இருக்கும் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். மதுரை வெயிலில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்காரும் பைத்தியம் நான் ஒருத்திதான் என்று வீட்டில் பேச்சு. கை வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில்தான் வேலை.

முன்பாகம் 102 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம். தலைப்பின்னல் மாதிரி முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு ஜடை, ஒவ்வொன்றும் ஆறு கண்ணி, எட்டு வரிசைக்கு ஒரு முறுக்கு: மூன்று கண்ணியை மற்ற மூன்றின் குறுக்கே மாற்றிப் பின்னுவது. நேற்று 88ஆம் வரிசையை முடித்து விரித்துப் பார்த்தால், வலது ஜடையில் 24ஆம் வரிசை முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. அது எந்த நாள் என்றும் தெரியும். அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே பின்னினேன். முன்னால் நிறுத்த வேண்டிய மூன்று கண்ணியைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

“யார் பார்க்கப் போகிறார்கள்?” என்கிறார் வீட்டுக்காரர். சுங்குடி முடிச்சில் ஒன்று பிசகினாலும் கண்டுபிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் பேசுகிற பேச்சா இது? முழுவதும் அவிழ்க்கத்தான் வேண்டுமா?

கொடைக்கானல் குளிர்:
விட்டுவிடுங்கள் அக்கா. குழந்தை ஒரு குளிர்காலம் போடும், அடுத்த வருஷம் கை எட்டாது.

திண்டுக்கல் ஊசி:
முழுவதும் அவிழ்த்தால் 6,630 கண்ணி. அந்த ஜடையை மட்டும் இறக்கினால் 390. முதலில் 23ஆம் வரிசையின் அந்த ஆறு கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூலைக் கோத்துவிடுங்கள், அதற்குக் கீழே ஓடாது. பிறகு மேலிருந்து ஆறையும் கழற்றி அவிழுங்கள். ஏணிப்படி மாதிரி வரிசைக்கு ஓர் இழை குறுக்கே நிற்கும். இருபக்கமும் முனை உள்ள இரண்டு குட்டை ஊசிகளை எடுத்து, அடி இழையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டே ஏறுங்கள். துணியைத் திருப்ப வேண்டாம், எல்லாமே முன்பக்கப் பின்னல்தான். ஒன்பது முறுக்கையும் மறுபடி போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். ஓரக் கண்ணிகள் தளர்ந்து தெரியும். அசல் கம்பளியானால் நனைத்துத் தட்டையாக உலர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அக்ரிலிக் என்றால் ஊசி முனையால் தளர்வைப் பக்கத்துக் கண்ணிகளுக்குத் தள்ள வேண்டியதுதான்.

வடக்குமாசி வீதிக்காரி:
இரண்டு விடியற்காலை பிடித்தது. கண்ணிகளைக் கழற்றிய நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. 41ஆம் வரிசையில் ஓர் இழையை விட்டுவிட்டு ஏறியிருக்கிறேன். நாலு வரிசை போன பிறகுதான் அது பின்னால் தொங்குவதைப் பார்த்து, மறுபடி இறங்கினேன். இப்போது நனைத்து விரித்தாயிற்று. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, எந்த ஜடை என்று கேட்டார். நான் சொல்லவில்லை.