பச்சைப்பயறு முளைகட்டினால் வாடை வருகிறது, சிங்கப்பூரில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

யீஷூன்வாசி:
வணக்கம். ஊரில் அம்மா பச்சைப்பயறை இரவு ஊறப்போட்டு, காலையில் வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் துணியைத் துளைத்துக்கொண்டு முளை எட்டிப்பார்க்கும். இங்கே வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) அதே மாதிரிதான் செய்கிறேன், லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், வாங்கின பயறுதான், ஆனால் முளை சரியாக வருவதற்குள் வழவழவென்று ஆகி ஒரு புளித்த வாடை அடிக்கிறது. சில பயறு ஊறவே இல்லாமல் கல்லாகக் கிடக்கிறது. முளை வந்ததிலும் வேரைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்கிறது, பூஞ்சையா? மாமனாருக்குச் சர்க்கரை, காலையில் ஒரு கிண்ணம் பச்சையாகவே சாப்பிடவேண்டும் என்கிறார், தாத்தா சாப்பிட்டால் மூன்று வயது மகளும் கேட்பாள். கொடுக்கலாமா?

பிடோக் அக்கா:
துணியை விட்டுவிடும்மா. ஊரில் காற்று காய்ந்திருக்கும், ஈரத்துணி தானே உலர்ந்துவிடும், இங்கே பகலில் 31, 32 டிகிரி, அதோடு காற்றில் எப்போதும் ஈரம், துணி உலரவே உலராது. முளைக்கிற பயறு மூச்சுவிடும், சூடாகும், மூட்டையின் நடுவில் இருப்பது அந்தச் சூட்டிலேயே ஊசிப்போகும். நான் எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, கண்ணுள்ள வடிதட்டில் ஒரு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு தட்டை லேசாகச் சாய்த்து மூடிவைப்பேன். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசவேண்டும். அலசுவதைவிட முக்கியம், அலசிய தண்ணீர் முழுக்க வடிவது. வடிதட்டைக் குலுக்கு, அடியில் கையை வைத்துப் பார், சொட்டக்கூடாது.

ஊறாத பயறைக் கையால் பொறுக்கி எடுத்துவிடு, தோல் தடித்துத் தண்ணீரே உள்ளே இறங்காத பயறு அது. ரொம்ப நாள் கிடந்த சரக்காக இருந்தால் ஊறினாலும் முளைக்காமல் அழுகும், வழவழப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அதற்காகச் செடிக்கடையில் விற்கிற விதையை வாங்கிவிடாதே, மருந்து கலந்திருக்கலாம்.

வேரில் படரும் வெள்ளை பெரும்பாலும் வேர்த்தூவிதான், வேரில் இயல்பாகவே வளரும் மெல்லிய முடி. வேரில் மட்டும் ஒரே சீராக இருக்கும், தண்ணீர் பட்டதும் படிந்து காணாமல் போகும். பூஞ்சை அப்படியில்லை, பயறுக்குப் பயறு நூல் கட்டும், சாம்பலோ கறுப்போ தட்டும், அலசினாலும் போகாது. அதைக் கண்டால் மொத்தத்தையும் கொட்டிவிடு.

ஜூரோங் தம்பி:
அக்கா சொன்ன முறை சரி. ஆனால் பச்சையாகக் கொடுப்பது வேண்டாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் இருந்த ஈ.கோலை கிருமியால் ஏறக்குறைய 4,000 பேர் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி விதையிலேயே ஒட்டியிருந்து வரும், தோலின் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும், எத்தனை சுத்தமான தண்ணீரில் அலசினாலும் முழுக்கப் போகாது. முளைக்கத் தேவையான வெப்பமும் ஈரமும் அதற்கும் தோதானவை. வயதானவர், சின்னப்பிள்ளை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், இவர்கள் யாருக்கும் பச்சை முளை வேண்டாம். இட்லிப் பானையில் ஆவி நன்றாக ஏறி உள்வரை வேகும்படி வைத்து, இறக்கினபின் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். பயறிலும் மாவுச்சத்து இருக்கிறது, சர்க்கரைக்காரர் சோற்றையும் குறைக்காமல் இதையும் சேர்த்தால் பலன் இல்லை.

பிடோக் அக்கா:
ஆவியில் வைத்தால் விட்டமின் சி போய்விடாதா தம்பி? முளைகட்டுவதே அதற்குத்தானே.

ஜூரோங் தம்பி:
கொஞ்சம் போகும் அக்கா, முழுக்கப் போகாது, எலுமிச்சையில் அது திரும்பவும் வந்துவிடும். வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் முளைக்கும்போதே குறைந்துவிடுகின்றன, வேகவைத்தாலும் அந்தப் பலன் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் தேங்காய், கடுகு, கறிவேப்பிலையோடு சுண்டலாகத் தாளிக்கிறோம்.

தவுகே பிரியை:
ஈரச்சந்தையில் விற்கும் தடித்த வெள்ளை முளையான தவுகேயும் இதே பச்சைப்பயறுதான், வீட்டிலேயே வரும். நான்கைந்து நாள் இருட்டில் வைக்கவேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும். மேலே தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பாரமாக வையுங்கள், அழுத்தம் இருந்தால்தான் தண்டு நெட்டையாக ஓடாமல் குட்டையாகப் பருக்கும். அப்புறம் ராஜ்மாவை மட்டும் முளைகட்டிப் பச்சையாகத் தின்னாதீர்கள், அதிலுள்ள நச்சு கொதிக்கவைத்தால்தான் போகும். மெதுவாக வேகும் மின்சாரப் பானையின் சூடு அதற்குப் போதாது, அடுப்பில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்கட்டும்.

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மாமனாரிடம் ஜெர்மனி விஷயத்தைச் சொன்னேன், ஆவியில் வைத்தே கொடு என்றுவிட்டார். கொள்ளுக்கும் இதே முறைதானா அக்கா?

பிடோக் அக்கா:
அதே முறைதான்ம்மா, தோல் கெட்டி என்பதால் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்று. முளை தலைகாட்டியதும் குக்கரில் வை, ஆவியில் அது வேகாது.